நம்முடைய காப்புறுதிக் கோப்பைக் கொழும்பில் யார் பார்க்கிறார்கள்?

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர். போன மாதம் கல்லடிப் பக்கம் அவருடைய வண்டியில் பின்னால் வந்த வான் மோதிவிட்டது. காப்புறுதிக் காசு இழுபட்டுக்கொண்டு இருந்தது. தேத்தண்ணிக் கடையில் வைத்து என்னிடம் கேட்டார்:

"தம்பி, நம்மட பொலிசி விபரமெல்லாம் இப்ப கொழும்பில அரசாங்கம் எடுத்துப் பாக்குதாம், மெய்யா? மறுகா அங்கயிருந்து ஓமெண்டு சொன்னாத்தானா நமக்குக் காசு தருவாங்க?"

பக்கத்தில் இருந்தவர் நேர் எதிராகச் சொன்னார். "அதெல்லாம் தனியார் கம்பனி அண்ணே. அவங்கட கணக்க யார் போய்ப் பாக்கிறது?"

இரண்டு பேரும் சொன்னது சரியில்லை. ஆனால் இந்த இரண்டு நம்பிக்கையும் நம் பக்கத்தில் பரவலாக இருக்கின்றன. காப்புறுதிக் கிளை ஒன்றில் இழப்பீட்டுப் பகுதியில் பதினொரு வருடம் இருந்தவன் என்பதால், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் இதே கேள்வி என்னிடம் வருகிறது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

வட்டை விதானையார் வரப்பில் நடப்பது போல

வயல் உள்ளவர்களுக்கு வட்டை விதானையாரைத் தெரியும். ஒரு வட்டையில் எண்பது பேருக்குக் காணி இருக்கலாம். உன்னிச்சைக் குளத்திலிருந்தோ நவகிரியிலிருந்தோ வருகிற தண்ணீர் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. மேலே இருப்பவர் மடையை அடைத்துவிட்டால் கீழே இருப்பவருக்குக் கதிர் கருகும். அதனால் எல்லோருமாகச் சேர்ந்து ஒருவரை வைக்கிறோம். அவர் யாருடைய வரப்பிலும் நடக்கலாம், யாருடைய மடையையும் பார்க்கலாம், "எத்தனை ஏக்கர் விதைச்சிருக்கீங்க?" என்றும் கேட்கலாம். "என் காணிக்குள் வராதே" என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

ஆனால் அதே விதானையார் நம் வீட்டுக்குள் வந்து நெல் மூட்டையை எண்ண முடியாது. மகளுடைய சீதனக் கணக்கைக் கேட்க முடியாது. வரப்பில் நடக்கும் உரிமை அவருக்குத் தண்ணீருக்காகத்தான் கிடைத்தது. தண்ணீர் எதுவரை போகிறதோ அதுவரைதான் அந்த உரிமையும்.

காப்புறுதிக் கம்பனிகளின் தரவை அரசின் மேற்பார்வை அமைப்பு பார்ப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த அமைப்பை ஒழுங்குபடுத்துநர் என்பார்கள். ஒரு தொழிலில் யார் இறங்கலாம், எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின்படி கண்காணிப்பவர் என்று அர்த்தம். நம் நாட்டில் காப்புறுதிக்கு ஒழுங்குபடுத்துநர் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இனி ஆணைக்குழு என்றே எழுதுகிறேன்.

ஏன் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்

சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம். காப்புறுதியில் அப்படிப் பார்க்க எதுவும் இல்லை. காசை இன்று கொடுக்கிறோம். பொருள் எப்போது வரும்? வண்டி மோதினால் வரும், வீடு எரிந்தால் வரும், ஆயுள் காப்புறுதி என்றால் இருபது வருடம் கழித்து வரும். நாம் வாங்குவது ஒரு வாக்கு மட்டுமே.

சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டால், பிடிக்கிற அக்காவின் வீடு எங்கே, அவவுடைய கையில் காசு நிற்குமா என்பதெல்லாம் பத்துப் பேருக்கும் தெரியும். இலட்சக்கணக்கான பேர் கட்டணம் கட்டுகிற கம்பனியில் அது முடியாது. அதன் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மண்டூரில் இருக்கிற ஒருவர் எப்படிப் பார்ப்பார்? எல்லோருக்கும் பதிலாக ஒருவர் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்குச் சட்டத்தின் பலம் வேண்டும். இல்லாவிட்டால் கம்பனி காட்ட விரும்புவதை மட்டும்தான் காட்டும்.

ஆக, ஆணைக்குழு கம்பனியின் தரவைக் கேட்பது உங்களைக் கண்காணிக்க அல்ல. உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற நிலையில் கம்பனி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

எந்தச் சட்டம்

1960களில் இலங்கையில் காப்புறுதி படிப்படியாக அரசின் கைக்குப் போனது. ஆயுள் காப்புறுதி முதலில், பொதுக் காப்புறுதி அடுத்து. 1980களில்தான் தனியார் கம்பனிகள் மறுபடி வந்தன. தனியார் பெருகப் பெருகத் தனியான கண்காணிப்பும் தேவைப்பட்டது. அதற்காக வந்ததுதான் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம். அதன் கீழ் 2001 இல் இலங்கைக் காப்புறுதிச் சபை இயங்கத் தொடங்கியது. 2017 இல் வந்த திருத்தம்தான் அதை ஆணைக்குழு ஆக்கியது. பழைய பத்திரங்களில் "சபை" என்று கண்டால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தின்படி ஆணைக்குழுவில் பதிவு செய்யாத கம்பனி காப்புறுதி விற்க முடியாது. கம்பனிகளுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்கும் தரகர்களுக்கும் பதிவு வேண்டும். தரவைக் கேட்கும் பலம் இந்தப் பதிவிலிருந்துதான் வருகிறது. தொழில் செய்ய அனுமதி வாங்குகிற அன்றே, கணக்குக் காட்டுகிற கடமையையும் கம்பனி ஏற்றுக்கொள்கிறது. காட்ட மறுத்தால் பதிவை நிறுத்திவைக்கலாம், இரத்துச் செய்யவும் செய்யலாம்.

இதில் மூன்று படிகள் இருக்கின்றன. மேலே பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். அதன் கீழே வர்த்தமானியில் வருகிற விதிகள். அதற்கும் கீழே ஆணைக்குழு கம்பனிகளுக்கு அனுப்புகிற பணிப்புரைகள். "காலாண்டுக் கணக்கை இந்தப் படிவத்தில், இந்தத் திகதிக்குள் அனுப்பு" போன்ற சில்லறை விபரங்கள் கீழ்ப்படிகளில்தான் இருக்கும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கிற நாளை முடிவு செய்கிறோம். எந்த மடையை எத்தனை மணிக்குத் திறப்பது என்று விதானையார் வாய்க்கால் கட்டில் நின்று சொல்கிறார். அது மாதிரிதான்.

அம்பாறைப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு சொல். பயிர்க் காப்புறுதிக்கு நாம் தேடிப் போகிற கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை, 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச சபை. அதன் சட்டம் வேறு. இங்கே சொல்வது வாகனம், ஆயுள், தீ, மருத்துவம் என்று விற்கிற கம்பனிகளைப் பற்றி.

அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்

ஆணைக்குழுவின் முதல் கேள்வி, கம்பனி தான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற நிலையில் இருக்கிறதா என்பது. இதற்குக் கடன்தீர்க்கும் ஆற்றல் என்று பெயர். எல்லோரும் ஒரேயடியாக வந்து நின்றாலும் கையில் மிஞ்சுமா என்கிற கணக்கு.

2016 ஜனவரி 1 முதல் இலங்கையில் இதை இடர் அடிப்படையிலான மூலதனம் என்கிற முறையில் அளக்கிறார்கள். கம்பனி எடுத்திருக்கிற ஆபத்து எவ்வளவோ, அதற்கு ஏற்ற அளவு சொந்தப் பணம் வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆபத்துக்கு என்று கணக்கிட்ட தொகை 100 ரூபா என்றால், கையில் குறைந்தது 120 ரூபா இருக்க வேண்டும். அதோடு மொத்தமாக 50 கோடி ரூபாவுக்குக் குறையவும் கூடாது.

ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்போம். அதன் சொத்து 1,000 கோடி ரூபா. வாடிக்கையாளருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டியது 760 கோடி. மீதி 240 கோடி. ஆபத்துக்கு என்று கணக்கிட்ட தொகை 200 கோடி. 240ஐ 200ஆல் பிரித்தால் 120 வீதம். கோட்டுக்கு மேலே ஒருமாதிரி நிற்கிறது.

இப்போது அந்தக் கம்பனியின் கிளைகளில் 20 கோடி ரூபா பெறுமதியான இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்து, இன்னும் புத்தகத்தில் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார்கள். உண்மையில் கொடுக்க வேண்டியது 780 கோடி. மீதி 220 கோடிதான். வீதம் 110. கம்பனி கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது. ஆனால் அனுப்பிய அறிக்கையில் 120 என்றுதான் இருக்கும்.

அதனால்தான் ஆணைக்குழுவுக்கு மொத்தத் தொகை மட்டும் போதாது. அந்தத் தொகை எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது, அந்தப் பதிவேடு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கீழே இறங்கிப் பார்க்கிற உரிமை வேண்டும். இந்த இடத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இது வெறும் பயம் இல்லை. அவுஸ்திரேலியாவில் எச்.ஐ.எச். என்கிற பெரிய காப்புறுதிக் கம்பனி 2001 மார்ச்சில் விழுந்தது. பற்றாக்குறை 530 கோடி அவுஸ்திரேலிய டொலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதை விசாரிக்க அந்நாட்டு அரசு வைத்த விசாரணைக் குழு முக்கிய காரணமாகச் சொன்னது, பின்னால் வரப்போகிற இழப்பீடுகளுக்குக் கம்பனி போதிய பணம் ஒதுக்கவில்லை என்பதை. கட்டணம் கட்டி வைத்திருந்த சாதாரண மக்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்.

இன்னொன்று, ஒதுக்கீடு. நீங்கள் ஜனவரியில் ஒரு வருடத்துக்கு வாகனக் காப்புறுதி கட்டினால், ஜூன் முடிவில் அந்தக் காசில் பாதிதான் கம்பனிக்குச் சொந்தம். மற்றப் பாதி இனிவரும் ஆறு மாதத்துக்கு உங்களுக்காகக் காத்திருக்கிற காசு. அதை இலாபம் என்று எழுதிவிட்டால் கணக்கு அழகாகத் தெரியும், பெட்டி வெறுமையாக இருக்கும். ஆயுள் காப்புறுதியில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அதைப் போடுகிற நிபுணருக்கு அக்சுவரி என்று பெயர், அவருடைய அறிக்கையும் ஆணைக்குழுவுக்குப் போகிறது.

ஆயுள் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் ஒரே கம்பனி சேர்த்து நடத்தக் கூடாது என்று 2011 ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னதும் இதே நோக்கில்தான். இரண்டையும் செய்த கம்பனிகள் 2015க்குள் பிரிய வேண்டி வந்தது. பிள்ளையின் படிப்புக்கென்று இருபது வருடம் சேர்க்கிற காசு, யாரோ ஒருவருடைய லொறி விபத்துக்குப் போகக் கூடாது அல்லவா?

பார்க்கிற விதம்

இரண்டு விதம். ஒன்று, இருந்த இடத்திலிருந்து பார்ப்பது. கம்பனிகள் காலாண்டுக்கும் வருடத்துக்கும் கணக்கு அனுப்பும். ஆணைக்குழுவின் ஆட்கள் போன காலாண்டோடு ஒப்பிட்டு, எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று பார்ப்பார்கள்.

மற்றது நேரில் போவது. இதைக் கொஞ்சம் கிட்டவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கிளையில் இழப்பீட்டுப் பதிவேடு என்று நீளமான பச்சை மட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. பிறகு அது கணினிக்குப் போனது, ஆனால் நிரல்கள் அதேதான். பொலிசி இலக்கம், விபத்து நடந்த திகதி, அறிவித்த திகதி, மதிப்பீடு, தீர்த்த திகதி. பரிசோதனைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது தொகையை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பார்ப்பது திகதிகளை. விபத்து 3 ஆம் திகதி, அறிவித்தது 29 ஆம் திகதி என்று இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். இருபது கோப்புகளை மாதிரிக்கு எடுத்து, வாடிக்கையாளர் எழுதிய கடிதத்தில் உள்ள திகதியும் புத்தகத்தில் உள்ள திகதியும் பொருந்துகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் கிளையில் அப்படிச் சில பொருந்தவில்லை. காலாண்டு முடிவில் வந்த கோரிக்கைகளை அடுத்த மாதம் 2 ஆம் திகதி ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. மேலே இருந்து சொன்னார்கள், செய்தேன். அதன் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை. மேலே போட்ட 120, 110 கணக்கைப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் கண்டபோதுதான், அந்த நாலு நாள் தாமதம் யாருடைய காசு என்று விளங்கியது.

சுருக்கம் இதுதான்: மொத்தக் கணக்குக் கொழும்புக்குப் போகிறது. அது மெய்யா என்று பார்க்க, சில கோப்புகளை மட்டும் பிரித்துப் பார்க்கிறார்கள். எல்லோருடைய கோப்பையும் யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை.

அப்போது நம்முடைய அந்தரங்கம்?

மாதிரிக்கு எடுத்த கோப்பு உங்களுடையதாக இருக்கலாம். அதில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஆயுள் காப்புறுதி என்றால் சீனி, பிரஷர் பற்றிய மருத்துவ அறிக்கைகூட இருக்கும். இந்தக் கவலை நியாயமானது. அதை "ஒன்றுமில்லை" என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வருகிறது. ஒரேயடியாக அல்லாமல் பகுதி பகுதியாக நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கென்று அமைந்த சட்டம் இது. "இந்தச் சட்டம் வந்துவிட்டது, இனி என் அனுமதி இல்லாமல் யாருக்கும் விபரம் கொடுக்கக் கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. தரவைக் கையாள உங்கள் சம்மதம் ஒரு வழி. வேறு சட்டத்தால் வந்த கடமையை நிறைவேற்றுவது இன்னொரு வழி. ஆணைக்குழு சட்டப்படி கேட்கிற கணக்கைக் கம்பனி கொடுப்பது இந்த இரண்டாவது வழியில் வரும். அதற்கு உங்களிடம் கையெழுத்து வாங்கத் தேவையில்லை.

ஆனால் அதே சட்டம், எடுத்த தரவைச் சொன்ன நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தாதே, தேவைக்கு மேல் எடுக்காதே, பத்திரமாக வை என்றும் சொல்கிறது. உடல்நல விபரங்களுக்குக் கூடுதல் காவல் வைக்கிறது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமை தருகிறது. விதானையார் வரப்பில் நடக்கலாம், மூட்டையை எண்ணக் கூடாது என்பது இங்கே எழுத்தில் இருக்கிறது.

வேறு யார் யார் கேட்கிறார்கள்

"கவுண்டரில அடையாள அட்டையும் கேக்கிறாங்க, வருமானம் எங்கயிருந்து வருது எண்டும் கேக்கிறாங்க, எல்லாம் அந்த ஆணைக்குழு வேலதான்" என்பார்கள். அது வேறு. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் அது. கறுப்புப் பணத்தைத் தடுப்பதற்காக, வாடிக்கையாளர் யார் என்று அறிந்து வைக்கவும் சந்தேகமான கொடுக்கல் வாங்கலை அறிவிக்கவும் வங்கிகளையும் காப்புறுதிக் கம்பனிகளையும் அது கட்டாயப்படுத்துகிறது. அந்த அறிக்கை போவது மத்திய வங்கியில் உள்ள நிதி உளவறிதல் பிரிவுக்கு. வாசல் வேறு, நோக்கமும் வேறு.

நீதிமன்றம் கட்டளையிட்டுக் கேட்பது இன்னொன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாம் ஆணைக்குழுவிடமே விண்ணப்பிக்கலாம். ஆனால் அடுத்த வீட்டாரின் பொலிசி விபரத்தையோ கம்பனியின் வியாபார இரகசியத்தையோ அதன் மூலம் இலகுவில் எடுக்க முடியாது. அவற்றுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு இந்தத் தரவுக்கு இன்னொரு முகமும் இருப்பதைப் பார்த்தேன். நாவலடியில் வீடு போன அம்மா ஒருவரிடம் கணவருடைய பொலிசிப் பத்திரம் இல்லை, ரசீது இல்லை, ஒன்றுமே இல்லை. கணவரின் பெயரும் பிறந்த திகதியும்தான் சொல்லத் தெரிந்தது. கொழும்பில் இருந்த பதிவேட்டில் அந்தப் பெயர் சரியாக இருந்தபடியால் காசு கிடைத்தது. "மகன், கடல் கொண்டு போகாத இடத்தில எழுதி வச்சிருக்காங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்ப்பது யாருக்காக என்று கேட்டால், எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

ஓட்டோ அண்ணனின் காசு

சரி, அண்ணன் கேட்டதற்கு வருவோம். கொழும்பில் ஓம் சொன்னால்தான் காசா? இல்லை. ஒவ்வொரு இழப்பீட்டையும் தீர்மானிப்பது கம்பனிதான். இழுத்தடித்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு. சரிவராவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அது கம்பனியிடம் விளக்கம் கேட்கும். பிணக்குகளைத் தீர்க்கவென்றே இருக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது, எப்போது அறிவித்தீர்கள் என்றுதான். அண்ணன் விபத்து நடந்த அன்றே தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனால் கையில் எதுவும் இல்லை. நான் சொன்னபடி ஒரு கடிதம் எழுதினார். விபத்து நடந்த நாள், நேரம், தொலைபேசியில் அறிவித்த நாள், பேசிய இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம். இரண்டு பிரதி. ஒன்றைக் கிளையில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் போட்டுத் தரச் சொன்னோம். கவுண்டரில் இருந்த பிள்ளை முதலில் தயங்கியது, பிறகு முத்திரையை எடுத்துத் திகதியைத் திருப்பி வைத்துக் குத்தியது.

அண்ணன் அந்தப் பிரதியை மடித்து, ஓட்டோவின் வருமான அனுமதிப் பத்திரம் வைக்கிற பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டார்.